துணி தூங்கும் நேரம்

திருப்பூரில் சரக்கு ஏரில் போகிறது என்று யாராவது சொன்னால் அது நல்ல செய்தி இல்லை. கப்பலில் போக வேண்டிய பெட்டிகள் நாள் தவறிவிட்டன, வேறு வழியில்லாமல் விமானத்தில் ஏற்றுகிறார்கள் என்று பொருள். அதனால்தான், தங்கை அனுப்பிரியாவின் செயற்கைக்கோளைப் பற்றி மகுடேஸ்வரன் பனியன் கம்பெனியின் கட்டிங் ஹாலில் முதன்முதலாக வாய் திறந்த நாளில், அவர் எதிர்பார்த்த வியப்பு யார் முகத்திலும் வரவில்லை.

"எங்க அம்மிணி செஞ்ச சரக்கு ரெண்டு மாசத்துல மேல போகுது" என்றார், ஸ்டீல் ஸ்கேலைத் துடைத்தபடி, பெரிய விஷயமே இல்லை என்பதுபோல.

மேஜையின் அந்தப் பக்கம் துணி விரித்துக்கொண்டிருந்த முனீஸ் நிமிர்ந்தான். தென்காசிப் பக்கத்துக்காரன். பதினோரு வருடமாக அவர் மேஜையில்தான் வேலை.

"ஏர்லயா அண்ணாச்சி? அப்பம் ஷிப்மெண்டு லேட்டாயிட்டோ? பாவம்லா தங்கச்சி."

"ஏரு இல்லடா. அதுக்கும் மேல."

"அதுக்கும் மேல என்ன இருக்கு?"

மகுடேஸ்வரன் யோசித்தார். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. "ஒண்ணுமில்லியாமா" என்றார் கடைசியில். "காத்துக்கூட இல்லியாமா."

"காத்தே இல்லாத எடத்துலேருந்து எந்தப் பையர் அண்ணாச்சி ஆர்டர் குடுக்கான்?"

ஹால் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

அவருக்கு நாற்பத்தேழு வயது. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். அப்பா அர்த்தநாரி தாராபுரத்திலிருந்து குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து திருப்பூர் ராயபுரத்தில் குடியேறி, நான்கே வருடத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அப்போது மகுடேஸ்வரனுக்குப் பதினான்கு வயது, அனுவுக்கு இரண்டு. அம்மா பூவாத்தாள் நூல் சுற்றும் வேலைக்குப் போனார். மகன் பனியன் கம்பெனிக்குப் போனான். துணி தூக்கி, துணி விரித்து, துணி வெட்டி, இருபத்திரண்டு வருடமாக அவர் கட்டிங் மாஸ்டர். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு அட்டை வைத்திருப்பார். உள்ளங்கையளவு துணி ஒட்டி, அதன் எடை, வாஷுக்குப் பின் எவ்வளவு சுருங்கியது, வெட்டிய தேதி என்று எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக எழுதுவார். அட்டையின் அடியில் இரண்டு கட்டங்கள் அச்சிட்டிருக்கும்: கப்பல், ஏர். கப்பலில் டிக் போடும்போது அவர் கை தானாக ஓடும். ஏரில் டிக் போட நேர்ந்த அட்டைகள் ஒவ்வொன்றும் எந்த அடுக்கில் இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

அந்த மேஜையில் ஒரு சொல் உண்டு. வேறு கம்பெனிகளில் அதே பொருளில் கேட்க முடியாது. பனியன் துணி என்பது கண்ணி கண்ணியாகக் கோக்கப்பட்டது. ரோலில் சுற்றும்போது ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் இழுபட்டுப்போகும். ரோலைப் பிரித்து, மேஜைமேல் தளரத் தளரப் போட்டு ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டால், கண்ணிகள் மெல்ல மெல்லத் தம் அளவுக்குத் திரும்பும். அதற்கப்புறம்தான் கத்தி வைக்க வேண்டும். மற்ற இடங்களில் இதை ரிலாக்ஸ் என்பார்கள். மகுடேஸ்வரனின் மேஜையில் இதற்குப் பெயர் தூக்கம்.

பெயர் வைத்தவள் அனுதான். ஆறு வயதில், பள்ளி விடுமுறைகளில், அவரோடு கம்பெனிக்கு வந்து மேஜைக்கு அடியில் படுத்திருப்பாள். மேலே வெள்ளைத் துணி விரிந்து கிடக்கும். அதன் ஓரம் திரைபோலத் தொங்கி ஆடும். ஜன்னல் வெளிச்சம் அதில் வடிந்து அவள்மேல் பால் நிறத்தில் விழும். "ஏனுங்ணா, யாருமே இதத் தொடமாட்டேங்கறீங்க? தூங்குதுங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அது தூக்கம்தான். ஹாலில் யாராவது சத்தமாகப் பேசினால், "மெதுவாப் பேசுங்க, துணி தூங்குது" என்று பெரிய ஆட்களே கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தப் பெண் அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தாள். எதையும் பிரித்துப் பார்க்கிறவள். பூவாத்தாள் ஆசையாக வாங்கிய மிக்ஸியை முதல் வாரமே கழற்றி, இரண்டு திருகாணி மிச்சமாக மாட்டிவிட்டாள். அந்த இரண்டு திருகாணிகள் இல்லாமலேயே அது பதினைந்து வருடம் ஓடியது. கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தபோது வகுப்பில் அறுபது பேரில் பெண்கள் நான்கு பேர். படித்து முடித்து பெங்களூரில் ஒரு பட்டறையில் வெப்பத் தகடுகள் செய்தாள். பிறகு செயற்கைக்கோளுக்குப் பாகம் செய்யும் இடத்தில் ஆறு வருடம். அதற்கப்புறம் ஒன்பது பேர் சேர்ந்து தொடங்கிய சின்னக் கம்பெனி ஒன்றில் பத்தாவது ஆளாகச் சேர்ந்தாள். அங்கே இப்போது நாற்பது பேர். அவர்கள் செய்த முதல் செயற்கைக்கோளுக்கு அவள்தான் ப்ராஜெக்ட் மேனேஜர்.

"அப்படின்னா நீ என்ன செய்வே அம்மிணி?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"நான் எதையும் செய்யறதில்லீங்ணா. செய்யறவங்க எல்லாத்துக்கும் நடுவுல நிக்கிறேன். யாருக்கு எது எப்ப வேணும், எது வராட்டி எது நிக்கும்னு பாக்கறது."

"எங்க கம்பெனியில அந்த வேலைக்குப் பேரு மெர்ச்சண்டைசரு!"

மறுமுனையில் அவள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாங்ணா. அப்படியே வெச்சுக்குங்க."

அந்தச் செயற்கைக்கோள் மேலே போய் மண்ணின் சூட்டைப் படம் எடுக்குமாம். எந்த நிலம் காய்கிறது, எந்தக் குளத்தில் ஈரம் இருக்கிறது என்று சொல்லுமாம். சூட்டைப் பார்க்கும் கேமரா, தான் சூடாகவோ குளிர்ந்தோ போய்விட்டால் எல்லாவற்றையும் தப்பாகப் பார்க்குமாம். அதற்காக உடம்பு முழுக்க ஒரு போர்வை போர்த்துகிறார்கள். பொன் நிறத்தில் மெல்லிய தாள், அதற்கடியில் வலைத்துணி, திரும்பத் தாள், திரும்ப வலை என்று பதினைந்து அடுக்கு. கைத்தையல். இதைக் கேட்டதிலிருந்து மகுடேஸ்வரனுக்கு வானம் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டதுபோல இருந்தது. அங்கேயும் துணி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக் கை கழுவும்போது அனு கூப்பிட்டாள். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

"அண்ணா, அந்த மஞ்சள் சட்டை இன்னும் ஆணியில தொங்குதுங்களா?"

அவருக்கு நெஞ்சில் ஒரு கண்ணி இழுபட்டது. மஞ்சள் சட்டையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவர் மாஸ்டராகி ஆறாவது வருடம், அனு கல்லூரியில் இருந்தபோது நடந்தது. ஆறு வயதுக் குழந்தைகளுக்கான சட்டை, மூவாயிரத்து அறுநூறு. நாள் நெருங்கிவிட்டது என்று மேலிருந்து நெருக்கினார்கள். துணியைத் தூங்கவிடாமல் வெட்டினார். வாஷ் முடிந்து வந்தபோது அத்தனையும் நான்கு வயதுக் குழந்தைக்குத்தான் போடலாம் என்று ஆகிவிட்டது. அவர் யார்மேலும் பழி போடவில்லை. அதில் ஒரு சட்டையை எடுத்துத் தன் மேஜைக்கு எதிரே ஆணியில் மாட்டினார். பதினாறு வருடமாக அது அங்கேயே இருக்கிறது.

"தொங்குது. ஏங்கண்ணு?"

அவள் சொன்னாள். மேலே உள்ள சூட்டைத் தாங்குமா என்று பார்க்கப் போர்வையை வெப்ப அறையில் வைத்து எடுத்தார்கள். எடுத்துப் போர்த்தினால் ஒரு மூலை மூடவில்லை. எட்டு மில்லிமீட்டர் குறைகிறது. தாள் சுருங்கவில்லை, உள்ளே இருக்கும் வலை சுருங்கித் தாளையும் இழுத்துக்கொண்டுவிட்டது. முதலிலிருந்து புதுப் போர்வை தைக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை ஏவுதளத்துக்கு லாரி கிளம்பியாக வேண்டும். அந்த ராக்கெட்டில் இவர்களுக்கு ஒரு சின்ன இடம்தான். விட்டால் அடுத்த இடம் பதினான்கு மாதம் கழித்து. அதுவரை கம்பெனி தாங்காது. நாற்பது பேர். நான்கு வருடம்.

"ரோல்லேருந்து பிரிச்ச உடனே வெட்டிட்டாங்கண்ணா. எனக்கு இன்னைக்குத்தான் தோணுச்சு. துணி தூங்கலையோன்னு."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"எங்ககிட்ட கையிருப்பு ஒரே நாள். உங்க கணக்குல தூங்க எத்தன நாள் வேணும்?"

"வலைன்னா... ரெண்டு நாளு குடுக்கோணும்."

"உங்க வாக்க நம்பி நான் ரெண்டு நாளக் குடுத்து, அப்பவும் குறைஞ்சுதுன்னா இன்னொரு போர்வைக்கு நேரமில்லீங்ணா. சொல்லுங்க. குடுக்கலாமுங்களா?"

பனியனுக்குச் சரி. வானத்துக்கும் சரியா? மகுடேஸ்வரன் கையைத் துடைக்க மறந்து நின்றார். தன் தப்பை ஆணியில் மாட்டி வைக்க அவருக்குத் தெரியும். தங்கையின் நான்கு வருடத்தை எந்த ஆணியில் மாட்டுவது?

"போன்ல சொல்ற பேச்சு இல்ல அம்மிணி. தொட்டுப் பாக்கோணும். நாளைக்கு வர்றேன்."

மனைவி விஜயராணி பை கட்டும்போது உள்ளே என்னென்ன போகிறது என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாத்துத் துணி ஒண்ணு. ஸ்கேலு, மார்க்கர் பேனா, ஜிஎஸ்எம் கட்டரு. ஏனுங்க, கட்டருக்கும் சேத்து இட்லி கட்டட்டுங்களா?"

காலை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சேலம் தாண்டியதும் மலைகள் வந்தன. வெயிலில் அவை மடித்துப் போட்ட துணிபோலத் தளர்ந்து கிடந்தன. யாரும் இழுக்கவில்லை, யாரும் சுற்றவில்லை. எத்தனை காலமாகத் தூங்குகின்றன என்று எண்ணிக்கொண்டே அவரும் கண்ணயர்ந்தார்.

பெங்களூரில், அனுவின் கம்பெனி வாசலில், காவலாளி ஜிஎஸ்எம் கட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருண்டையான இரும்பு, அடியில் நான்கு பிளேடு. துணியில் வட்டமாக வெட்டி எடை போடுவதற்கு என்று மகுடேஸ்வரன் விளக்கினார். காவலாளி மரியாதையாகக் கேட்டுவிட்டு, அதைப் பையில் போட்டுக் கட்டி, டோக்கன் கொடுத்தார். ஸ்கேலையும் பேனாவையும் அனுமதித்தார்.

அனு வாசலுக்கு வந்தாள். கண்ணுக்கடியில் கருவளையம். முடியை ஒரு பென்சிலால் செருகியிருந்தாள். "வாங்ணா" என்று சொல்லி அவர் பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே போகும் வழியில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் அவளிடம் ஏதோ ஒன்றைக் கேட்டார்கள். அவள் நடையை நிறுத்தாமல் ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். பையை மட்டும் தோளிலிருந்து இறக்கவில்லை.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அது நின்றது. பீரோவில் பாதி உயரம்தான். ஒரு பக்கம் பொன் போர்த்தியிருந்தது, மறுபக்கம் வெறும் உடம்பு. பாதிச் சட்டை போட்ட குழந்தை அடுத்த கைக்காகக் காத்திருப்பதுபோல. சுற்றி வெள்ளை உடுப்பில், கண் மட்டும் தெரிய, நான்கைந்து பேர் சத்தமில்லாமல் நடந்தார்கள். காலடி ஓசையே இல்லை. மகுடேஸ்வரனுக்கு அது உண்மையில் நடப்பதுபோலவே தோன்றவில்லை. மேஜைக்கு அடியில் படுத்து மேலே பார்த்த குழந்தை என்ன பார்த்திருக்கும் என்று முப்பது வருடம் கழித்து இப்போது தெரிந்ததுபோல இருந்தது.

போர்வை தைக்கும் ராபின் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினான். நாகர்கோவில்காரன். "சார், துணியப் பாத்தே எடை சொல்லுவீங்கன்னு மேடம் சொன்னாங்க."

"பாத்து இல்லீங்க தம்பி. தொட்டு."

வலையை வாங்கிப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்தார். ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. ஊதினால் போய்விடும். "இத்தன லேசா நான் தொட்டதே இல்லீங்க" என்று ஒத்துக்கொண்டார். "சதுர மீட்டருக்குப் பத்து கிராமுக்குள்ள."

"ஆறரை, சார்."

ரோலைக் கொண்டுவரச் சொல்லி, மேல் சுற்றில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். இழுத்துச் சுற்றியதில் தோல் மேளம்போல விறைப்பாக இருந்தது. அவருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் தேவைப்படுவதுபோல ஒவ்வொன்றாகச் செய்தார். பக்கத்து அறையின் மேஜையில் இரண்டு துண்டு விரித்து, இரண்டிலும் ஐம்பது சென்டிமீட்டர் சதுரம் போட்டார். ஒரு துண்டை அப்படியே வெப்ப அறைக்கு அனுப்பினார்கள். இன்னொன்று மேஜையிலேயே கிடந்தது. ஒவ்வொரு மணிக்கும் ஸ்கேலை வைத்தார். மூன்றாவது மணியில் சதுரம் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே வந்திருந்தது. யாரும் தொடவில்லை, யாரும் இழுக்கவில்லை.

ராபின் குனிந்து பார்த்து, "தானாவா சார்?" என்றான்.

"தானாத்தான். ஊட்டுக்குப் போகுது."

"ரெண்டு நாளக் குடு அம்மிணி" என்று அனுவிடம் சொன்னார். மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். மகுடேஸ்வரனை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டார்கள். குரல் கேட்கவில்லை. சுவரில் பெரிய பலகை, அதில் நீளமும் குட்டையுமாகக் கலர் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் ஒரு வேலை, நீளம்தான் நாள் என்று அனு சொல்லியிருந்தாள். உள்ளே எட்டுப் பேர். ஒருவர் கையை விரித்தார், ஒருவர் கடிகாரத்தைக் காட்டினார். தலை நரைத்த ஒருவர் மாட்டேன் என்று தலையசைத்துக்கொண்டே இருந்தார். அனு குரலை உயர்த்தியதாகத் தெரியவில்லை. எழுந்து போய், ஒரு நீளப் பட்டையை உரித்துத் தள்ளி வைத்தாள். அந்த இடத்தில் வெறும் வெள்ளை. போர்வைக்குப் பின்னால் நிற்க வேண்டிய இரண்டு குட்டைப் பட்டைகளை எடுத்து அந்த வெள்ளைக்கு நேர் கீழே ஒட்டினாள். ஒன்றைக் கொஞ்சம் திருப்பி, இன்னொன்றின் பக்கத்தில் நெருக்கினாள்.

மகுடேஸ்வரன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இது அவருக்குத் தெரிந்த வேலை. துணிமேல் சட்டையின் உடம்புத் துண்டுகளை வைத்தபின், இடுக்கில் கையை வை, கழுத்துப்பட்டியை வை என்று ஒரு விரற்கடை வீணாகாமல் அடுக்குவது. அவர்கள் ஊரில் அதற்கு மார்க்கர் போடுவது என்று பெயர். அம்மிணி நாட்களை வைத்து மார்க்கர் போடுகிறாள்.

வெளியே வந்தவள் அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "குடுத்துட்டனுங்ணா, ரெண்டு நாள். துணி தூங்கற நேரத்துல எடை போடறது, பெட்டி தயார் பண்றது எல்லாத்தையும் முன்னாடி இழுத்துட்டேன். போர்வையத் தனியா எடை போட்டுச் சேத்துக்கலாம்."

"நரைச்ச தலைக்காரர் ஒத்துக்கிட்டாரா?"

"குறைஞ்சா யார் பொறுப்புன்னு கேட்டாருங்க. நாந்தான்னேன்."

மறுநாள் காலை வெப்ப அறையிலிருந்து முதல் துண்டு வந்தது. சதுரம் சதுரமாகவே இல்லை. ஒரு பக்கம் பதினோரு மில்லிமீட்டர் போய், உருவமே சாய்ந்திருந்தது. மகுடேஸ்வரன் ஸ்கேலை இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். இவ்வளவையும் தூக்கம் சரி பண்ணிவிடுமா? தன் வாழ்நாளில் எந்தப் பனியனும் இந்தச் சூட்டைப் பார்த்ததில்லை. மறைக்காமல் சொன்னார்.

"அம்மிணி, எனக்கு இந்த அடுப்பு தெரியாது. தூக்கம் வரைக்குந்தான் என் வாக்கு. அதுக்கு மேல போகாது."

அனு சாய்ந்த சதுரத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றாள். வலைக்குப் பின்னால் அவள் முகம் பனியில் தெரிவதுபோலத் தெரிந்தது.

"தூக்கத்துல போறது கொஞ்சம். மிச்சம் சூட்டுல போகுது" என்றாள், அவரிடமா தன்னிடமா என்று தெரியாமல். "அப்ப வெட்டறதுக்கு முன்னாடியே போகட்டும். தூங்கி எந்திரிச்ச வலைய, தாளோட சேக்காம, தளரத் தனியா அடுப்புல வெச்சு எடுக்கறோம். சுருங்கறதெல்லாம் சுருங்கட்டும். அப்பறம் கத்தி வெக்கலாம்." பிறகு அவரைப் பார்த்தாள். "தூக்கம் உங்க வாக்குங்ணா. அடுப்பு என் வாக்கு."

"நாளு?"

"தையலை ராபினும் இன்னொருத்தருமா ரெண்டு பக்கத்துலேருந்து போட்டா ஒரு நாள் கிடைக்கும். பட்டை இன்னும் ஒண்ணு நகரோணும். அவ்வளவுதானே?"

அன்று முழுக்க மகுடேஸ்வரன் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். நீண்ட மேஜையில் வலை கிடந்தது. ஆவிபோல, அலைபோல, ஒரு மடிப்பும் இன்னொரு மடிப்பைத் தொட்டும் தொடாமலும். உணவு இடைவேளையில் எல்லாரும் போய்விட, அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். கனவில் ராயபுரம் தெருவெல்லாம் துணி விரிந்து கிடந்தது. காதர்பேட்டைப் பனியன் கடைகளின் கதவுகள் திறந்திருந்தன. வியாபாரிகள் வாயில் விரல் வைத்து நின்றார்கள். மாடிக்கு மாடி வெள்ளை. ஊரில் ஒரு மெஷினும் ஓடவில்லை. துணிக்கு நடுவே, முட்டி தெரியும் பாவாடையில் அனு கைகளை வீசி நடந்து போனாள். அவள் கால் பட்ட இடத்தில் துணி நசுங்கவே இல்லை. "எங்க அம்மிணி போறே?" என்று கேட்டார். "எல்லாரும் தூங்கட்டுமுங்ணா, நான் போய் எவ்வளவு சூடுன்னு பாத்துட்டு வர்றேன்" என்றாள்.

விழித்தபோது மேஜை அப்படியே இருந்தது. ஸ்கேலை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்ச் சதுரத்தை அளந்தார். ஐந்து மில்லிமீட்டர். மறுநாள் காலையிலும் அதே ஐந்து. மதியமும் அதே. இதற்குமேல் அது எங்கும் போகாது.

"எந்திரிச்சிருச்சு" என்று ராபினிடம் சொன்னார்.

அவருக்கு ஊரில் ஷிப்மெண்ட் இருந்தது. வலை வெப்ப அறைக்குள் போவதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் காவலாளி டோக்கனை வாங்கிக்கொண்டு கட்டரைக் கொடுத்தார். அதை எதற்கும் எடுக்கவே இல்லை.

ஞாயிறு காலை படம் ஒன்று வந்தது. பொன் மூலை, அதன்மேல் உறை போட்ட விரல் ஒன்று. கீழே அனு எழுதியிருந்தாள்: மூடுது. இரண்டு மில்லி மேலேயே நிற்கிறது. மகுடேஸ்வரன் அதைப் பெரிதாக்கி, ஓரம், மடிப்பு, தையல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு தையல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. அதைச் சொல்லலாமா என்று நினைத்து, விட்டுவிட்டார். திங்கட்கிழமை லாரி கிளம்பியது.

ஐந்து வாரம் கழித்து, ஒரு காலை ஒன்பதரை மணிக்கு, கட்டிங் ஹாலில் மெஷினை நிறுத்தச் சொன்னார்கள். முனீஸின் போனை நூல் பெட்டிமேல் சாய்த்து வைத்தார்கள். கடலோரத்தில் ஒரு வெளிச்சம் எழுந்து, மேகத்தைத் துளைத்து, புள்ளியாகி மறைந்தது. ஹால் கைதட்டியது. வடக்கத்திப் பையன்கள் விசிலடித்தார்கள். மகுடேஸ்வரன் தட்டவில்லை.

"என்ன அண்ணாச்சி, போயிட்டுல்லா? சிரிங்க."

"போறது ராக்கெட்டுக்காரங்க வேலடா. எங்க சரக்கு இன்னும் வாஷ் ஆகல."

முனீஸுக்கு அது உடனே புரிந்தது. துணி நல்லதா இல்லையா என்று வாஷ் முடிந்தால்தான் தெரியும். அவன் ஹாலுக்கே அறிவித்தான்: "வாஷ் ரிப்போர்ட் வரல, எல்லாரும் வேலயப் பாருங்கலே!"

இரண்டு நாள் மகுடேஸ்வரன் போனை மேஜை ஓரத்திலேயே வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். மேலே வெயில் பட்டால் கொதிக்குமாம், நிழலுக்குப் போனால் உறையுமாம், ஒன்றரை மணிக்கு ஒருமுறை இரண்டும் மாறி மாறி வருமாம். பதினைந்து அடுக்குக்கு உள்ளே கேமரா இருபது டிகிரி பக்கத்தில் இருக்க வேண்டும். மஞ்சள் சட்டையைப் பார்க்காமல் வெட்ட முயன்றார். முடியவில்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மணி அடித்தபோது போன் வந்தது.

"அண்ணா."

"எவ்வளவு அம்மிணி?"

"இருபத்தொண்ணு. முப்பது சுத்து சுத்திருச்சுங்ணா. வெயில்லயும் இருபத்தொண்ணு, நிழல்லயும் இருபத்தொண்ணு." அவள் குரல் உடைந்து திரும்பக் கூடியது. "அசையவே இல்லீங்ணா. தூங்கறாப்புல இருக்குது."

அவர் சரி என்றார். "சாப்ட்டியா?" என்றார். இல்லை என்றாள். "போய்ச் சாப்புடு கண்ணு" என்று வைத்துவிட்டார். முனீஸ் எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாஷ் பாஸ்" என்று அவனிடம் சொன்னார். ஹால் இரண்டாவது முறையாகக் கைதட்டியபோது அவரும் சேர்ந்து தட்டினார்.

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள், அலமாரியிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தார். பெங்களூரில் ராபினிடம் கேட்டு வாங்கி பர்சில் வைத்திருந்த வலைத் துண்டை, தான் சதுரம் போட்ட அந்தத் துண்டின் ஓரத்தை, மூச்சுப் படாமல் ஒட்டினார். எடை: ஆறரை. தூக்கம்: இரண்டு நாள். தூக்கத்தில் சுருக்கம்: ஐந்து மில்லிமீட்டர். வெப்பம்: தனியாக, வெட்டுவதற்கு முன். மாஸ்டர் என்ற இடத்தில் அனுப்பிரியா என்று எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில் ராபின் பெயரையும் சேர்த்தார்.

அடியில் இரண்டு கட்டங்கள். கப்பல். ஏர். பேனா ஏருக்கு மேல் போய் நின்றது. லேட் ஆகவில்லையே. அதுவுமில்லாமல், அங்கே காற்றே இல்லை என்று இவரே சொல்லியிருக்கிறார். தப்பாக எழுதிய அட்டை ஒன்றுகூட அவர் அலமாரியில் இல்லை.

ஸ்டீல் ஸ்கேலைத் துடைத்து அட்டைமேல் வைத்தார். மற்ற இரண்டு கட்டங்களின் அளவுக்கே, ஒரு மில்லிமீட்டர் கூடாமல் குறையாமல், மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். அதற்குப் பக்கத்தில் 'மேலே' என்று எழுதி, கட்டத்துக்குள் டிக் போட்டார்.